எலியம் ரெசின்: மறுசுழற்சி செய்யலாம் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

ஃபைபர் கிளாஸ் வேலை செய்கிறவர்களுக்கு வெட்டி மிஞ்சும் துண்டுகள் பெரிய தலைவலி. நாரைப் பிணைக்கும் ரெசின் (பிசின்) எபாக்சியோ பாலியெஸ்டரோ, ஒருமுறை இறுகிவிட்டால் அவ்வளவுதான், உருக்கவும் முடியாது, சூடேற்றினால் கருகும், கடைசியில் புதைக்கிறார்கள் அல்லது எரிக்கிறார்கள். அர்கேமா நிறுவனத்தின் எலியம் ரெசினை நான் வாங்கிப் பார்த்ததே இதற்காகத்தான்.

இது அக்ரிலிக் வகை தெர்மோபிளாஸ்டிக், அதாவது சூடேற்றினால் இளகும் பிளாஸ்டிக், ஆனால் திரவமாகவே வருகிறது. இறுக வைக்கும் பெராக்சைடு கலந்து வேக்குவம் வைத்து இழுத்தால் கண்ணாடி நார்த் துணிக்குள் தடையில்லாமல் பரவுகிறது, அறை வெப்பத்திலேயே இறுகிவிடுகிறது. பழைய மோல்டு, பழைய பம்பு போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இறுகிய பிறகு நடப்பதுதான். மிச்சப் பட்டை ஒன்றில் ஹீட் கன் காட்டினேன்; சற்று நேரத்தில் இளகி வளைந்தது, ஆறியதும் அந்த வளைவிலேயே நின்றது, உள்வளைவில் மட்டும் நார்கள் லேசாகச் சுருங்கி மடிந்திருந்தன. எபாக்சித் துண்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சரி, சிரமங்கள். இந்த ரெசினில் இருக்கும் மோனோமரான (இறுகும்போது சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறு) மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் வாடை கடுமையானது, எளிதில் தீப்பற்றும், காற்றோட்டமும் சரியான முகமூடியும் இல்லாமல் தொடவே கூடாது. தடிமனான பாகத்தில் இறுகும்போது சூடு ஏறிக்கொண்டே போகும், சுமார் 100 டிகிரியில் அந்த மோனோமர் கொதித்துவிடும் என்பதால் உள்ளே குமிழ்கள் விழ வாய்ப்பு உண்டு. கட்டுப்படுத்தவே முடியாதது இல்லை: மறுசுழற்சி செய்யக்கூடிய காற்றாலை இறக்கைகளுக்கான ஜீப்ரா திட்டத்தில் 2022இல் இதே ரெசினில் 62 மீட்டர் காற்றாலை இறக்கை செய்து காட்டினார்கள். பாலிஸ்டைரீன் ஃபோமை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள், கரைந்துவிடும்.

மறுசுழற்சியைப் பொறுத்தவரை வேதியியலில் குறையே இல்லை. அதிக வெப்பத்தில் பாலிமர், அதாவது இறுகிய சங்கிலி, உடைந்து மறுபடி மோனோமராகிறது, காய்ச்சி வடித்தால் புது ரெசினுக்கே பயன்படும். கண்ணாடி நார்தான் அந்தச் சூட்டில் வலு இழக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஆதித்ய பிர்லாவின் ரீசைக்ளமைன் ஹார்டனர் (எபாக்சியை இறுக வைக்கக் கலக்கும் பொருள்) வழி எனக்கு மேலாகப் படுகிறது, ஏனென்றால் அதில் இறுகிய எபாக்சியை மென்மையான அமிலத்தில் கரைத்து நாரைப் பிரிக்கலாம், அவ்வளவு சூடு தேவையில்லை. காற்றாலை நிறுவனமான சீமென்ஸ் கமேசா 2021இல் அறிவித்த மறுசுழற்சி இறக்கைகளில் இருப்பது இதுதான்.

ஆனால் எந்த ரெசினாக இருந்தாலும், மிச்சத்தை யார் வாங்கிக்கொள்வார்கள்? எனக்கு விற்றவரிடம் கேட்டேன், தெளிவான பதில் வரவில்லை. பெரிய காற்றாலை நிறுவனம் டன் கணக்கில் அனுப்பும், சிறிய பட்டறை ஒரு சாக்கை வைத்துக்கொண்டு எங்கே போகும்? விற்கிறவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும். அதுவரை எலியம் துண்டுகளைப் பாலியெஸ்டர் குப்பையோடு கலக்காமல் பெயர் எழுதித் தனியாக வைத்திருங்கள், கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

மெல்லிய தகடுகள், உறைகள், சிறு படகின் மேல்பாகம் போன்றவற்றுக்கு இனி இதைத்தான் எடுப்பேன். தடிமனான பாகங்களுக்கு இப்போதைக்கு எபாக்சியே.