ஸ்பினல் மோதிரம்: தினமும் போட்டுப் பார்த்த பிறகு

ரங்கூனில் ஜவுளிக்கடையில் உட்காருகிறவள் நான். துணியை விரிப்பது, மடிப்பது, கத்தரிப்பது, காசு எண்ணுவது என்று கை சும்மா இருக்காது. அந்தக் கையில்தான், பர்மாவின் ரத்தினச் சுரங்க ஊரான மொகோக்கில் எடுத்த, மாணிக்கம் போலத் தெரியும் ஸ்பினல் கல் பதித்த மோதிரம் பல வருடங்களாகக் கிடக்கிறது. கல் ஒன்றரைக் காரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ரோஜா நிறம் கலந்த சிவப்பு.

முதலில் உழைப்பைச் சொல்லிவிடுகிறேன். தங்க வளையம் முழுக்கக் கீறல். கல்லின் விளிம்புகள் மட்டும் வாங்கியபோது இருந்த கூர்மையோடு இருக்கின்றன. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஸ்பினலுக்கு 8, மாணிக்கத்துக்கு 9. தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் 7தான் என்பதால், துடைக்கும்போது அது ஸ்பினலைக் கீறுவதில்லை. என் நாத்தனாரின் பெரிடாட் என்ற பச்சைக்கல் மோதிரமும் மொகோக் பக்கத்துக் கல்தான். பெரிடாட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை. அதன் முனைகள் இப்போதே மழுங்கித் தெரிகின்றன, இத்தனைக்கும் அவள் கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிறவள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தனகா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து பூசிய விரலில் மோதிரம் போட்டால் கல்லுக்கு அடியில் மாவு போய் அடைத்துக்கொள்ளும், பிரகாசம் பாதியாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி போதும்.

நிறத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. மாணிக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா கலந்த சிவப்பு, இன்னொரு பக்கம் ஆரஞ்சு கலந்த சிவப்பு என்று நிறம் மாறும். ஸ்பினல் கனசதுர அமைப்புள்ள படிகம் என்பதால் ஒளி அதற்குள் இரண்டாகப் பிரிவதில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம்தான். எனக்கு அந்தத் தெளிவுதான் பிடித்தது. சிவப்பு வருவது குரோமியத்தால். கடையில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்குக்கு அடியில் கை போனால் கல் தணல் மாதிரி ஒளிர்கிறது. அதை வைத்து அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்: மாணிக்கமும் ஒளிரும், ஆலையில் செய்த சிவப்பு ஸ்பினலும் ஒளிரும்.

“மாணிக்கமாம்மா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

“இல்ல மாமா, ஸ்பினல்.”

“அப்ப நவரத்தினத்துல சேராதே!”

சேராதுதான். ஆனால் மாணிக்கமும் ஸ்பினலும் வேறு வேறு கற்கள் என்று பிரித்துச் சொன்னதே 1783இல்தான். பிரிட்டிஷ் மகுடத்தின் முன்பக்கம் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ கூட சுமார் 170 காரட் ஸ்பினல். மாணிக்கத்துக்கு ஏழைச் சொந்தம் மாதிரி இதைப் பேசுகிறவர்களிடம் நான் அதைத்தான் எடுத்துவிடுவேன்.

இன்னொரு பெரிய நிம்மதி, ஸ்பினலைப் பெரும்பாலும் சூடுபடுத்துவதில்லை. ஷான் மாநிலத்து மோங் ஷு மாணிக்கங்கள் ஏறக்குறைய எல்லாமே சூளை பார்த்தவை. ஸ்பினலை வெட்டி மெருகேற்றினால் போதும். மொகோக்கில் சில படிகங்கள் எண்முக வடிவில், தீட்டாமலே பளபளவென்று கிடைக்கின்றன. ‘நட்’ என்னும் பர்மிய தேவதைகள் மெருகேற்றிய கல் என்பார்கள்.

குறைகளும் உண்டு. மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்த இடத்தில் கல்லைக் கழற்றாமலே ஊதுகுழல் வைக்கப் போனார்கள். நல்லவேளை, பக்கத்திலேயே நின்றிருந்தேன். உள்ளே மாசுள்ள கல் அந்தச் சூட்டில் விரியலாம். நான்கு கொக்கிப் பதிப்பு நூலில் மாட்டி இழுக்கிறது, ஜவுளி வேலைக்கு ஓரம் கட்டிய பதிப்புதான் சரி. அப்புறம் விற்கப் போனால், மாணிக்கத்துக்குக் கிடைக்கும் மரியாதை தெருக்கோடி நகைக்கடையில் கிடைக்காது. பெயரே தெரியாதவர்கள் தங்கத்தை மட்டும் எடை போடுவார்கள்.

ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் (இப்போது போஜோக் ஆங் சான் சந்தை) வாங்குவதானால் குழல் விளக்கோடு நிறுத்தாமல் வாசல் வெளிச்சத்திலும் பாருங்கள். விலை கூடின கல்லுக்கு ஆய்வகச் சான்று கேளுங்கள், ஆலைக் கல்லைக் கண்ணால் மட்டும் பிரிப்பது கஷ்டம். அடர் சிவப்புக்கு விலை ஏறிவிட்டது. சாம்பலும் வெளிர் ஊதாவும் இன்னும் கைக்கு எட்டும் விலைதான். அடுத்து நான் சாம்பல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.