டெயில்ஸ்கேல்: ரவுட்டரைத் தொடாமல் வீட்டுக் கணினிக்குள் நுழைய

வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்தே டெர்மினலில் கட்டளை கொடுக்கும் வழி) போட்டால் ‘டைம்ட் அவுட்’ என்றே வருகிறதா? போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பும் அமைப்பு) குடைவதற்கு முன் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் வேலைக்காகாது. கணினிகளை இணையம் வழியாக ஒரே தனி வலையில் சேர்க்கும் டெயில்ஸ்கேல் தேவையா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. இதுபோன்ற ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

வீட்டுக் கணினி, வெளியே கொண்டுபோகும் கணினி இரண்டிலும் அதை நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், ஆளுக்கொரு 100-இல் தொடங்கும் மாறாத ஐபி கிடைக்கும். உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை. இரு முனைகளும் வெளியே யூடிபி பாக்கெட் அனுப்ப, அதற்காக ரவுட்டர்கள் திறக்கும் சந்தில் சந்தித்துக்கொள்கின்றன.

சந்திக்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் இடையில் நின்று கைமாற்றிவிடும் ரிலே சர்வர் வழியாகப் போய்விடும். டெர்மினலில் எழுத்து தட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் சுட்டி இழுபடும். ‘டெயில்ஸ்கேல் பிங்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். முதல் ஓரிரு பதில்களில் ‘டெர்ப்’ (அந்த ரிலேயின் பெயர்) என்று வருவது இயல்பு. பத்துப் பதில்களும் அப்படியே வந்தால் நேரடி வழி கிடைக்கவில்லை. பொது ஐபி உள்ள முனையின் ரவுட்டரில் யூபிஎன்பி-யை (கணினி கேட்டால் ரவுட்டர் தானே போர்ட்டைத் திறக்கும் வசதி) இயக்குங்கள், அல்லது யூடிபி 41641-ஐ அந்தக் கணினிக்குத் திருப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அலுவலக ஃபயர்வால் யூடிபியையே அடைத்திருந்தால் ரிலேதான் கதி.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வந்தால் டெயில்ஸ்கேலைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் பாக்கெட் வீடுவரை போய்விட்டது, கதவைத் திறக்க ஆளில்லை: எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவும் முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் டெயில்ஸ்கேல் தரும் உள்நுழைவுச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அது நடந்தால், மறுபடி உள்நுழைய அந்தக் கணினி முன்னாலேயே உட்கார வேண்டியிருக்கலாம். நிறுவிய அன்றே டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவிடுங்கள். விண்டோஸில் ‘ரன் அன்அட்டெண்டட்’ அமைப்பையும் இயக்க வேண்டும். இல்லையேல் மறுதொடக்கத்துக்குப் பிறகு யாராவது உள்நுழையும்வரை இணைப்பு வராது. கணினி தூங்கிவிட்டால் இதெல்லாம் இருந்தும் பயனில்லை, ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள்.

சொந்தப் பொது ஐபியும் வயர்கார்டு சர்வர் உள்ள ரவுட்டரும் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ஒரு யூடிபி போர்ட் போதும்.