சிசிஎன்ஏவா, நெட்வொர்க் பிளஸ்ஸா?

கணினி நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக நினைப்பவர்கள், இந்த இரண்டு சான்றிதழ் தேர்வுகளில் எதை எழுதுவது என்றுதான் முதலில் தடுமாறுகிறார்கள். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். அடிப்படை தெளிவாகும்.

நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவின் சிசிஎன்ஏ 120 நிமிடத் தேர்வு. ஐபி முகவரிகளைப் பிரித்துக் கணக்கிடவும், ஸ்விட்சில் விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) அமைக்கவும், ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறி வழி கண்டுபிடிக்கும் முறை) ஓடவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகாமல் நின்று, எங்கே தப்பு என்று தேடும்போதுதான் தொழில் கைக்கு வருகிறது. ரவுட்டர் வாங்கக் காசு இல்லையா? நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

இரண்டு சான்றிதழும் 3 ஆண்டுதான் செல்லும். சரி, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் சிசிஎன்ஏவைத்தான் சொல்வேன். ஹெல்ப்டெஸ்க்கில் தொடங்கி, அப்புறம் செக்யூரிட்டி பக்கம் போக நினைப்பவர்களுக்கு நெட்வொர்க் பிளஸ் போதும்.