404: எந்த வலையில் எந்த மீன்

அத்தையின் சமையல் குறிப்புத் தளத்தை பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். குறிப்புகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, முகவரிகள்தான் வரவில்லை. பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது முகவரியில் ஏறாது. ‘பிளாக்-போஸ்ட்_23’ என்று ஏதோ ஒரு எண்தான் நிற்கும். தளம் சொந்த டொமைனில் ஓடியது. அதனால் பழைய இணைப்பை அழுத்தியவர்கள் நேராகப் புதிய சர்வரின் வாசலுக்கு வந்து, ‘பக்கம் இல்லை’ என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தார்: “ஏன்டா, அதிரசம் எங்கே போச்சு?”

அதற்கப்புறம்தான் இந்த 404-ஐ, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று சர்வர் தரும் பதில் எண்ணை, கண்காணிக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எத்தனை 404 வந்தது என்று எல்லாக் கருவியும் சொல்லும். வந்தது மனிதரா, எந்த இணைப்பை அழுத்தி வந்தார் என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

முதலில் சர்வர் லாக். எதுவும் நிறுவ வேண்டாம். சர்வர் மென்பொருள் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதி வைத்துவிடும். வழக்கமான லாக் வடிவத்தை இடைவெளி பார்த்துப் பிரித்தால் ஏழாவது துண்டு கேட்ட முகவரி, ஒன்பதாவது பதில் எண், பதினொன்றாவது எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது. ஒன்பதாவதில் 404 இருக்கும் வரிகளை மட்டும் பிரித்து, ஏழாவதை எண்ணி, இறங்குவரிசையில் அடுக்கினால் வேலை முடிந்தது. இந்த ‘வந்த வழி’த் தலைப்பின் பெயர் ரெஃபரர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விடுபட்ட பிழையோடு 1996-இல் ஆர்.எஃப்.சி. 1945 என்ற எண்ணுள்ள இணைய நெறிமுறை ஆவணத்தில் ஏறியது, இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆனால் லாக்கைத் திறந்ததும் மலைப்புத்தான் வரும். முக்கால்வாசி பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். உங்கள் தளத்தில் இல்லாத பிஎச்பி-மை-அட்மின், ‘.என்வி’ கோப்பு, பழைய பேக்கப் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். இவற்றைத் திருத்த ஒன்றும் இல்லை, கழித்துவிட வேண்டும். அதற்குமேல் தமிழ்த் தளங்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்பதில் இகரக் கொக்கியையும் புள்ளியையும் சேர்த்து ஐந்து குறிகள், அது லாக்கில் 45 எழுத்தாக நிற்கும். எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பதைக் கண்ணால் படிக்கவே முடியாது, டீகோட் செய்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வேர்ட்பிரஸின் ரீடைரெக்‌ஷன் என்ற இலவச பிளகின் (துணை நிரல்). 404 வந்ததும் தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். முகவரிவாரியாகத் தொகுத்துக் காட்டும், ‘வந்த வழி’யையும் வைத்திருக்கும். இதன் பெரிய வசதி, பிழையைப் பார்த்த இடத்திலேயே திருப்பிவிடலாம் என்பது. லாக்கில் ஒன்றைக் கண்டுபிடித்து எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில் போய் வரி எழுதும் அலைச்சல் இல்லை. அத்தைக்கே சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவரே செய்கிறார். குறை என்னவென்றால் ஒவ்வொரு பாட் தட்டலும் டேட்டாபேஸில் ஒரு வரியாகிறது. சின்ன ஷேர்டு ஹோஸ்டிங்கில் அட்டவணை ஊதிப் பெருக்காமல் இருக்க, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முதல் நாளே குறைத்து வையுங்கள்.

பிளகினும் லாக்கும் ஒரே இடத்தில் கோட்டை விடுகின்றன. வேர்ட்பிரஸ் தானாகவே ஊகம் செய்யும். கேட்ட முகவரி இல்லையென்றால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு பதிவைத் தேடி 301-இல் (‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்ற பதில் எண்) அனுப்பிவிடும். அறுந்துபோன இணைப்புக்கு இது வரம்தான். ஆனால் ‘சிறுதானிய’ என்று தொடங்கும் பதிவுகள் பத்து இருந்தால் கஞ்சி கேட்டவரை அடைக்கு அனுப்பவும் செய்யும். 404 என்று எதிலும் பதிவாகாது. 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இதை அணைக்க ஒரு ஃபில்டர் உண்டு. தளத்தை மாற்றிய முதல் சில வாரங்களுக்கு அணைத்து வைப்பேன், உண்மை நிலவரம் தெரிய வேண்டுமே.

அறுந்த இணைப்பு என்றேன் அல்லவா, அதன் வேர் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. பதிவின் முகவரிப் பகுதிக்கு அது தரும் இடம் 200 எழுத்து. தமிழில் குறிக்கு ஒன்பது என்று போனால் 22 குறிகளோடு கதை முடிந்தது. ‘சிறுதானியக் கஞ்சி செய்வது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘சிறுதானியக்-கஞ்சி-செய்வத’ என்பதோடு நின்றுவிடும். உகரக் கொக்கிக்குக்கூட இடமில்லை! இப்படி நீண்ட சதவீதக் குறி வரிசையை யாராவது எங்காவது வெட்டி ஒட்டும்போது பாதியில் அறுகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு வேறு. சர்வருக்கு இரண்டும் இரண்டு முகவரிகள். இந்த வகை 404-ஐ எந்தக் கருவியும் பெயர் சொல்லிக் காட்டாது. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே என் வழக்கம். தமிழ்ப் பற்று தலைப்பில் இருக்கட்டும்.

கூகுள் தேடலில் தளத்தின் நிலையை உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோல் வேறு ஜாதி. இது கூகுளின் பாட் கண்ட 404-களை மட்டும் காட்டும், அதுவும் சில நாள் தாமதமாக, ஒரு காரணத்துக்கு அதிகபட்சம் ஆயிரம் முகவரிகள். மனிதர்கள் பட்ட பாடு இதில் தெரியாது. மற்றவற்றில் இல்லாத ஒன்று இதில் உண்டு: ‘சாஃப்ட் 404’. அதாவது, பக்கம் இல்லை என்று வாசகரிடம் சொல்லிக்கொண்டே சர்வர் 200 (‘எல்லாம் சரி’) என்று பதில் தரும் இடங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். சிவப்பு எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். இல்லாத பக்கம் 404 தருவது மற்றப் பக்கங்களின் தரவரிசையைக் கெடுக்காது என்று கூகுளே சொல்கிறது.

வருகையாளர்களை எண்ணும் அனலிடிக்ஸை இதற்கு நான் நம்புவதில்லை. 404 பக்கத்திலும் நிரல்துண்டு இருக்க வேண்டும், பக்கத் தலைப்பை வைத்துத்தான் வடிகட்ட வேண்டும், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார். பாட் தொல்லை பெரும்பாலும் இல்லை என்பது மட்டும் லாபம்.

ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற க்ராலர், அதாவது இணைப்புகளைத் தொடர்ந்து தளம் முழுக்க உலவும் நிரல், 500 முகவரிகள் வரை இலவசம். வாசகர் தடுக்கி விழுவதற்கு முன்பே உங்கள் தளத்துக்குள் இருக்கும் உடைந்த இணைப்புகளை, அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதோடு பிடித்துக் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் பழைய இணைப்புகள் அதற்குத் தெரியாது. இடமாற்றத்தன்று ஒருமுறை கட்டாயம் ஓட்டுங்கள்.

‘வந்த வழி’யும் முன்போல முழுசாகக் கிடைப்பதில்லை. 2020-இல் குரோம் 85 வந்ததிலிருந்து, அயல் தளத்திலிருந்து வருபவரின் டொமைன் பெயர் மட்டுமே இயல்பாகத் தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. வாட்ஸ்அப்பில் அழுத்தி வருபவருக்குப் பெரும்பாலும் அந்த இடம் காலி. சொந்தத் தளத்துக்குள் நடப்பது மட்டும் முழு முகவரியோடு வரும்.

சரி, பிடித்த 404-ஐ என்ன செய்வது? நேர் மாற்றுப் பக்கம் இருந்தால் 301. மாற்று இல்லையென்றால் 404 அப்படியே இருக்கட்டும். வேண்டுமென்றே நீக்கியதற்கு 410 (‘இனி இல்லை’) தரலாம், ஆனால் நடைமுறையில் 404-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடமாற்றத் திருப்பல்களைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை.

நான் கடுமையாக எதிர்ப்பது ஒன்றைத்தான்: எல்லா 404-ஐயும் முகப்புக்குத் திருப்பிவிடுவது. அதிரசம் கேட்டவரை வாசலில் நிறுத்திவிட்டு, வந்தார் போனார் என்று கணக்கு எழுதுவதுபோல. கூகுள் அதை சாஃப்ட் 404 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், லாக்கிலும் பிளகினிலும் 404 என்ற தடயமே மறைந்துவிடும். அப்பாச்சியில் இதே தவறு தெரியாமலே நடக்கும். பிழைக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சொல்லும் எரர்டாக்குமென்ட் வரியில் உள்ளூர்ப் பாதை எழுதாமல் முழு இணைய முகவரியைப் போட்டுவிட்டால், சர்வர் 404-க்குப் பதிலாக 302 (தற்காலிகத் திருப்பல்) சொல்லி வாசகரை அங்கே அனுப்பும். அங்கே பக்கம் நன்றாகத் திறந்து 200 சொல்லும்.

அத்தையின் தளத்தில் இப்போது பிளகின் ஓடுகிறது, சர்ச் கன்சோலை மாதம் ஒருமுறை திறக்கிறேன், லாக்கைச் சந்தேகம் வந்தால் மட்டும். 404 பக்கத்தில் ஒரு தேடல் பெட்டியும் பலகாரப் பட்டியலும் வைத்திருக்கிறோம். அதிரசம் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கிறது, அத்தையின் நிபந்தனை.