பொலிஸ் துண்டோடு போன ஏறாவூர் டயர்க்கடை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் நெல் ஏற்றுகிற ஆறு டயர் லொறி என்னுடையது. பதினாறு வருடமாக நானேதான் சொந்தக்காரன், நானேதான் டிரைவர். ஏறாவூரில் திருகோணமலை வீதியோரம் இருக்கிற ஒரு டயர்க்கடையைப் பற்றி எழுதவேண்டுமென்று மாசியிலிருந்து மனதில் கிடக்கிறது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கிற பழைய ட்ரக்டர் டயரில் வெள்ளைப் பெயின்டால் ‘டயர் வேலை’ என்று எழுதியிருக்கும். அங்கே எந்த லொறிக்காரரைக் கேட்டாலும் கை காட்டுவார்.

பெரும்போக வெட்டு நேரம். வெல்லாவெளியில் நெல் ஏற்றி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, பொலன்னறுவை மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பொலிஸ் மறித்தது. வந்த அதிகாரி பத்திரம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பின் டயர்களுக்கு நடுவில் ரோர்ச் அடித்துப் பார்த்தார். வலப்பக்கத்து உள் டயரின் சுவரில் தேசிக்காய் அளவு வீக்கம். முன் இடது டயரின் வெளி ஓரம் பள்ளமே இல்லாமல் வழித்துப்போய்க் கிடந்தது. லைசன்ஸை வாங்கிக்கொண்டு, நீதிமன்றத் தவணை போட்டுத் துண்டு எழுதித் தந்தார். அந்த நேரம் கோபம்தான் வந்தது. மீதித் தூரம் ஊர்ந்து ஊர்ந்து போய், மன்னம்பிட்டியில் 2023 ஜூலையில் பஸ் ஆற்றில் விழுந்த பாலத்துக்கு வந்தபோது கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. டயரால் வந்த விபத்தல்ல அது. ஆனாலும் அந்த இடத்தில், முதுகில் அத்தனை மூட்டையும் அடியில் வீங்கின டயரும் இருக்கும்போது, வீட்டு ஞாபகம்தான் வரும்.

ஊருக்குத் திரும்பி முதலில் போனது வேறொரு கடைக்கு. துண்டைக் கண்டதும், “அண்ணன், நாலு நாளைக்கு வாடகைக்கு டயர் தாறம், பூட்டிக் காட்டிப்போட்டுக் கொண்டு வந்து தாங்க” என்றார்கள். 2022 நெருக்கடியில் டயர் விலை ஏறின ஏற்றத்தை அனுபவித்தவனுக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஓமென்று சொல்லப் போனேன். டயர்ச் சுவரில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற இலக்கத்தில் கடைசி நாலையும் பார்த்தேன்: 0912. 2012ஆம் ஆண்டு ஒன்பதாவது கிழமையில் செய்த டயர். சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு. திரும்பி வந்துவிட்டேன். அந்த டயர் இன்னும் எத்தனை லொறியில் ஏறி இறங்குகிறதோ என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஏறாவூர்க் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. “அத வெச்சிக்கங்க தம்பி, மறுகா பாப்பம். முதல்ல லொறியக் காட்டுங்க.”

முன் டயரில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே ஒரு தரம் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே மாதிரித் தடவச் சொன்னார். போகும்போது வழவழவென்று போன கை, திரும்பும்போது துருவலைப் பல்லில் பட்ட மாதிரிக் கீறுப்பட்டது. “இது ஓடித் தேஞ்ச டயரில்ல, இழுபட்டுத் தேஞ்ச டயர்” என்றார். கிளீனரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு என்னைக் கீழே பார்க்க வைத்தார். முன் சில்லு இரண்டையும் இணைக்கிற டை ராட் கம்பியின் மூட்டு கிடந்து ஆடுகிறது. அதை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் இப்படித்தான் போகும் என்றார். சில்லுகளை நேர்பார்க்கிற எலைன்மென்ட் மெஷின் தன்னிடம் இல்லை, வேறு இடத்தில் செய்துகொண்டு வந்தால்தான் முன் டயர் பூட்டுவேன் என்று அனுப்பிவிட்டார். கைக்கு வந்த வியாபாரத்தை இப்படித் தள்ளிப்போடுகிற கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பின் சோடியில் காற்றை அளந்தார். வெளி டயரில் 105 பிஎஸ்ஐ, உள் டயரில் 60. நாங்கள் எல்லாரும் காலையில் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுகிற ஆட்கள்தானே. என் காதுக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. உள் டயரைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, தேயிலைத் தூள் மாதிரி. காற்றுக் குறைந்து மடிந்து மடிந்து ஓடி, சூடேறி, டயர் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட தூள். ஒரு டயர் இளகினால் பக்கத்து டயர் இரண்டு பேரின் பாரத்தையும் சுமக்கும். இரண்டும் சேர்ந்தே கெடும்.

இந்தக் கடையில் நான் முதலாவதாகச் சொல்லவேண்டியது காற்றடிக்கிற விதம். எங்கள் 10.00-20 டயருக்குள்ளே ரியூப், அதற்கும் றிம்முக்கும் நடுவில் பிளாப் என்ற ரப்பர் பட்டி, டயரைக் கழலாமல் பிடிக்க லொக் றிங் என்ற இரும்பு வளையம் வைத்த றிம். அந்த வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏறினால், கழன்று பறந்து ஆளைக் கொல்லும். பல இடத்தில் சின்னப் பெடியன் டயருக்கு மேலே ஏறி நின்று காற்றடிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். காக்கா தடித்த குழாயால் ஒட்டின கூட்டுக்குள் டயரை உருட்டி வைத்து, நீளக் குழாயைக் கொளுவிவிட்டு, தள்ளி ஒரு பக்கமாக நிற்கிறார். வேலைப் பெடியனும் கிட்டப் போகக்கூடாது. ஜக்கை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே மரக்கட்டை அடுக்குகிறார்.

டாக் போட்ட டயரை, அதாவது தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டினதை, பின்னுக்குப் பூட்டுவார், முன்னுக்கு எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார். என் மச்சான் அமெரிக்காவில் ட்ரக் ஓட்டுகிறான். அங்கே லொறியின் முன் டயர்ப் பள்ளம் அங்குலத்தில் 32இல் 4 பங்குக்குக் குறைந்தாலே குற்றம், மற்ற டயர்களுக்கு 2 பங்கு. அதாவது 3.2 மில்லிமீற்றர், 1.6 மில்லிமீற்றர். அங்கே பஸ்ஸின் முன் சில்லுக்கு டாக் டயர் சட்டப்படி கூடாது. பின்னால் ஒன்று போனால் தாங்க இன்னொன்று இருக்கிறது, முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். கிரான் பக்கம் இரவில் மழைக்குள் நடுறோட்டில் மாடு படுத்திருக்கும்போது பிரேக் அடித்தவருக்கு அது விளங்கும். இங்கே சட்டம் பார்க்கட்டும் பார்க்காமல் விடட்டும், பள்ளத்துக்குள் தேய்வைக் காட்டுகிற கட்டை மட்டத்துக்குத் தேயும்வரை முன் டயரை நான் இனி ஓட்டுவதில்லை.

பில் கையெழுத்தில்தான். ஆனால் எந்த டயர் எந்தச் சில்லில், அதன் இலக்கம், பள்ளம், காற்று எல்லாம் எழுதித் தருகிறார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினேன். பில்லைக் காட்டத் தேவைப்படவில்லை. லொறியில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன், அடுத்த முறை மாற்றும்போது கணக்குப் பார்க்க.

குறை இருக்கிறது. வேலை ஆறுதல்தான், காலை எட்டுக்குப் போன நான் பின்னேரம் நாலுக்குத்தான் வெளியே வந்தேன். உட்காரக் கதிரை இல்லை, வேம்பு நிழல்தான். கார்ட் எடுக்கமாட்டார். டயருக்கு 2,500 ரூபா மற்ற இடத்தைவிடக் கூட. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார். அவசரப்படுத்தினால் முகம் கொடுக்கவும் மாட்டார், லோட் ஏற்றி நிற்கிற நாளில் அது கஷ்டம்.

வீங்கின டயரை யாருக்காவது விற்கலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அரிவாளை எடுத்து அதன் சுவரை இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

நூறு கிலோமீற்றர் ஓடினதும் வரச் சொல்வார், நட்டு இறுக்க. காசு எடுப்பதில்லை, தவறாமல் போங்கள். நான் மூன்றாம் நாள் போனேன், முன் வலது சில்லில் இரண்டு நட்டு, கால் சுற்று இறுகியது.