சாக்லேட் பொரியா, கார்ன்ஃப்ளேக்ஸா? மதுரை வெயிலில் பிள்ளைகளோடு செய்ய எது தோது

லீவு விட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை அடுப்படிக்குள் சேர்த்துக்கொள்ள இதைவிட லேசான பலகாரம் கிடையாது. சாக்லேட்டை உருக்கி, மொறுமொறுப்பான ஏதாவது ஒன்றை அதில் போட்டுப் புரட்டி, சின்னப் பேப்பர் கப்பில் வைத்து ஆறவிட்டால் முடிந்தது. ஓவன் வேண்டாம், பீட்டர் வேண்டாம். ஆனால் வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்தால் மதுரையில் பல நேரம் அது கெட்டியாவதே இல்லை, கையில் எடுத்ததும் குழைகிறது. அதற்குக் காரணம் கைப்பக்குவம் இல்லை, கொழுப்பு. அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர் அடுப்படிக்காக எழுதியவை. நம் ஊரில் சித்திரை வெயிலுக்கு எது தாங்கும், பிள்ளையின் கைக்கு எது ஆபத்தில்லை என்று இந்த இரண்டையும் பார்த்துத்தான் சாமான் வாங்க வேண்டும், ருசி அதற்கு அப்புறம்தான்.

முதலில் சாக்லேட். கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கொக்கோ வெண்ணெய் சேர்ந்த அசல் சாக்லேட், அமுல் டார்க் மாதிரி. இன்னொன்று கேக் சாமான் விற்கும் கடைகளில் பாளமாகக் கிடைக்கும் காம்பவுண்ட், மோர்டே மாதிரி. இதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். ருசியில் அசல்தான் ஒசத்தி, அதில் பேச்சே இல்லை. வாயில் போட்டதும் கரையும், காம்பவுண்ட் போல மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளாது. ஆனால் அப்படி வாயில் கரைவதே கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவதால்தான், மே மாதம் மதுரையில் மத்தியான நேரத்து அடுப்படி அந்தச் சூட்டைச் சர்வசாதாரணமாகத் தொட்டுவிடும். கொடைக்கானலில் வாங்கிய சாக்லேட் வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் பைக்குள்ளேயே குழைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

அசல் சாக்லேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உருக்கிய பிறகு அதைச் சரியான சூட்டுக்கு இறக்கி, கிளறி, திரும்பக் கொஞ்சம் ஏற்றி, டெம்பர் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பளபளப்பு போய், தொட்டாலே விரலில் ஒட்டும். இதைப் பொறுமையாகச் செய்து முடிக்கும்வரை எந்தப் பிள்ளையும் பக்கத்தில் நிற்காது. காம்பவுண்டுக்கு இந்த வேலையே கிடையாது, உருக்கினோம், புரட்டினோம், அது பாட்டுக்குக் கெட்டியாகும். அதனால் பிள்ளைகளோடு செய்ய டார்க் காம்பவுண்டுதான் வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மில்க் காம்பவுண்ட் வேண்டாம், தித்திப்பு திகட்டிவிடும். அசலை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் ருசியும் வரும், கெட்டியும் ஆகும் என்று சிலர் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். காம்பவுண்டில் இருக்கும் தாவரக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், தனித்தனியாக இருந்ததைவிட இளகலாகிவிடும். கடைசியில் இரண்டு நன்மையும் கிடைக்காது.

அடுத்து மொறுமொறுப்புக்கு. வெளிநாட்டுக் குறிப்புகளில் கார்ன்ஃப்ளேக்ஸ் அல்லது ரைஸ் கிரிஸ்பீஸ் என்றிருக்கும். ரைஸ் கிரிஸ்பீஸ் என்பது பொரித்த அரிசிதானே, அப்புறம் பொரிக்குப் பேர்போன நம் ஊரில் அதைத் தேடி அலைவது எதற்கு? ஆயுத பூசை முடிந்து வாரக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பொரிக்கு இதைவிட நல்ல வழியும் இல்லை. விலையிலும் கார்ன்ஃப்ளேக்ஸ் பக்கத்தில் நிற்க முடியாது, கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடையில் படிக்கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். உப்புப் பொரியாக இருந்தால் இன்னும் நல்லது, அந்த லேசான உப்பு டார்க் சாக்லேட்டின் கசப்பையும் இனிப்பையும் தூக்கிக் கொடுக்கும். கார்ன்ஃப்ளேக்ஸில் அந்தச் சுவை வராது, நாமே ஒரு சிட்டிகை தூவ வேண்டும்.

ஆனால் பொரியை அப்படியே போடக்கூடாது. சூடான மணலில் பொரிப்பதால் அடியில் மணல் துகள் கிடக்க வாய்ப்பு உண்டு, அதனால் முதலில் சலிக்க வேண்டும். கடலையோடு கலந்து தின்னும்போது தெரியாத ஒரு மணல் சாக்லேட்டுக்குள் பல்லில் கடிபட்டால் அந்தப் பிள்ளை மறுபடி அதைத் தொடாது. சலித்த பிறகு வெறும் வாணலியில் சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். விரலில் நசுக்கினால் நொறுங்க வேண்டும், அமுங்கினால் இன்னும் வறுக்கணும். ஐப்பசி மழையில் இந்த வறுவலை விட்டுவிட்டால் சாக்லேட்டுக்குள் நமத்த பொரிதான் இருக்கும்.

கார்ன்ஃப்ளேக்ஸுக்கு இந்த வேலை எதுவும் இல்லை, பாக்கெட்டைப் பிரித்துப் போட வேண்டியதுதான். மூன்று நான்கு வயசுப் பிள்ளைக்கு அதைக் கையால் நொறுக்குவதில் இருக்கும் சந்தோஷம் பொரியில் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதழ் இதழாக இருப்பதால் அடுக்கி வைத்தாலும் உருவம் நிற்கும், கடிக்கும்போது சத்தம் வரும். பொரி உருண்டை உருண்டையாக ஒட்டி, உள்ளே காற்றோட்டமாக, மெத்தென்ற மொறுமொறுப்பாக இருக்கும். பெரியவர்கள் பலர் பொரியைத்தான் விரும்புவார்கள், பிள்ளைகள் முதல் தடவை கார்ன்ஃப்ளேக்ஸ் பக்கம் சாய்வார்கள். அவல் போடலாமா என்றால், மெல்லிய தாள் அவலை நன்றாக வறுத்தால் போடலாம், கெட்டி அவல் வேண்டவே வேண்டாம், நடுவில் பச்சரிசியாகக் கடிபடும். சாக்கோஸ் மாதிரி ஏற்கெனவே இனிப்பு ஏறிய சீரியலைச் சாக்லேட்டில் போடுவது தித்திப்பின் மேல் தித்திப்பு, அதை நான் ஒதுக்கிவிடுவேன்.

அளவில் கவனம் வேண்டும், ஏனென்றால் பொரி எடையே இல்லாதது. 200 கிராம் காம்பவுண்டுக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் என்றால் 100 கிராம், பொரி என்றால் 60 கிராம்தான், அதுவே நாலு கப் அளவுக்கு வந்துவிடும். கார்ன்ஃப்ளேக்ஸ் குறிப்பைப் பார்த்துக் கிராம் கணக்கில் பொரியைக் கொட்டினால் பாதிப் பொரி வெள்ளையாகவே நிற்கும், எதுவும் ஒட்டாது. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்த்தால் ருசி கூடும். நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக்கடலை கொடுக்கக்கூடாது, புரையேறும். அவர்களுக்காகச் செய்வதென்றால் பொடித்தே போடுங்கள்.

சாக்லேட்டோடு வேறு எதையாவது சேர்க்கலாமா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இங்கிலாந்துப் பக்கம் வெண்ணெயும் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப் பாகும் ஊற்றுவார்கள், அங்கே அது கெட்டியாக இருக்கும், இங்கே வெண்ணெய் சேர்ந்த சாக்லேட் இன்னும் சீக்கிரம் இளகும். தேன் சேர்த்தாலும் அதே கதைதான், ஒரு வயசு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் சாக்லேட் கிராக்கிள்ஸ் என்று ஒன்று செய்வார்கள், பொரித்த அரிசி, கொக்கோ பவுடர், ஐசிங் சுகர், தேங்காய்த் துருவல், கோஃபா என்கிற கெட்டியான தேங்காய்க் கொழுப்பு. தேங்காய் சேர்வதால் நம் நாக்குக்கு ரொம்பப் பிடித்துப்போகும். ஆனால் கோஃபா பதப்படுத்திக் கெட்டியாக்கியது, நம் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மதுரையில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைவதே மார்கழிக் காலையில்தான், அதை வைத்து மே மாதம் கெட்டியாக்க முடியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தின்பதென்றால் மட்டும் செய்யுங்கள்.

மில்க்மெய்ட் போடும் முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, தண்ணீர் பட்டாலும் கெடாது. வெறும் சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே மணல் மணலாகத் திரிந்துவிடும், பிள்ளைகள் ஈரக் கரண்டியைத்தான் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் மில்க்மெய்டின் ஈரத்தைப் பொரி ஒரே ராத்திரியில் குடித்து நமத்துவிடும். அதனால் அன்றைக்கே தின்று தீர்க்கிற கூட்டம் வீட்டில் இருந்தால் மில்க்மெய்ட், இல்லாவிட்டால் வெறும் சாக்லேட். மார்ஷ்மெல்லோ உருக்கிச் செய்வது அமெரிக்காவில் 1939-இல் கெல்லாக்ஸ் ஆட்களே கண்டுபிடித்தது, மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சைவ வீடுகளில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலைக்குத் தகுந்த ருசி அதில் இல்லை.

இவ்வளவுக்கு எதற்கு, கார்த்திகைக்குச் செய்கிற பொரி உருண்டையையே பிள்ளைகளோடு செய்யலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ருசியிலும் சத்திலும் வெல்லப் பாகு முன்னால் நிற்கும், வெயிலில் உருகவும் உருகாது. ஆனால் உருட்டுப் பதத்துப் பாகு 120 டிகிரியைத் தாண்டிக் கொதிப்பது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு கொப்பளிக்கும், சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தும் ஆக வேண்டும். அங்கே பிள்ளைக்கு வேலையே இல்லை, தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம். சாக்லேட் 45 டிகிரியில் தாராளமாக உருகி நிற்கும், தெறித்தாலும் நக்கிக்கொள்வார்கள். பிள்ளை கை வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் சாக்லேட் பக்கமே நான் நிற்பேன்.

உருக்குவதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, அதன் மேல் ஈரமில்லாத பாத்திரத்தில் துண்டு போட்ட சாக்லேட்டை வைத்தால் அந்த ஆவியிலேயே உருகிவிடும். மைக்ரோவேவ் என்றால் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறணும். அப்புறம் பாத்திரத்தைக் கீழே இறக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், பெரியவன் புரட்டட்டும், சின்னவள் கப் அடுக்கட்டும். பேப்பர் கப் இல்லையா, எண்ணெய் தடவிய இட்லித் தட்டு போதும், குழியில் கரண்டியால் அழுத்திவிட்டால் அழகாக எழும்பி வரும்.

ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் காம்பவுண்ட் கெட்டியாகிவிடும். மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று மட்டும் பார்த்து நாளைக் குறியுங்கள். ஆடி கழிந்து வெயில் தணிந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வைக்கலாம், கத்திரி வெயிலில் காம்பவுண்டும் இளகும் என்பதால் ஃபிரிட்ஜ்தான். அங்கிருந்து எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காதீர்கள், வெளிக்காற்று பட்டு மேலே தண்ணீர் வியர்க்கும், அந்த ஈரம் பொரிக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் மூடியே வைத்து, குளிர் விட்டபின் திறந்தால் மொறுமொறுப்பு அப்படியே இருக்கும்.