திருகோணமலைக் கரை வெயிலுக்கு எது தாங்கும்? சன்ஸ்கிறீன், தொப்பி, நீளக்கைச் சட்டை: ஒரு மதிப்பீடு

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகளிலும் நகரத்துப் பாமசிகளிலும் வெயிலுக்குப் பூசும் பொருட்கள் பலவிதமாகக் கிடைக்கின்றன. ரியூப்பில் வரும் கிறீம், ஸ்பிறே, மெழுகுக் குச்சி, உதட்டுக்குப் பூசுவது, "வெண்மை தரும்" என்று எழுதிய முகக்கிறீம் என்று எதை எடுத்தாலும் மேலே எஸ்.பி.எப் (தோல் வெயிலில் வேகாமல் காக்கும் அளவு) என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும். எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். இந்தக் கரையில் துணியும் தொப்பியும்தான் முதலிடம். ரியூப் அதற்கு அடுத்தது. ஸ்பிறேக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே 8.5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த மாதங்களில் வானம் தெளிந்திருந்தால் வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் புறஊதாச் சுட்டெண் நண்பகலில் 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 3இலிருந்தே பாதுகாப்பு வேண்டும், 11 என்பது அதன் கடைசிப் படி. கடற்காற்றில் உடம்பு குளிர்ந்திருப்பதால் வெயில் குறைவென்று நினைத்துவிடுவோம். சூடு வேறு, புறஊதா வேறு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுந்தால் மூடிக்கொள்ள வேண்டிய நேரம் அது.

ரியூப்பை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் உள்ள எஸ்.பி.எப் இலக்கம், தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நடைமுறையில் பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. 50 என்று வாங்கியது தோலில் 50 ஆக வேலை செய்யாததற்கு முதற்காரணம் இதுதான். சரியான அளவு: முகம், காது, கழுத்துக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, நெஞ்சு வயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. மொத்தம் ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லிலீற்றர். 50 மில்லிலீற்றர் ரியூப் ஒரு ஆளுக்கு ஒன்றரைத் தடவைக்குத்தான் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். குளித்தாலும் துவாயால் துடைத்தாலும் உடனே பூச வேண்டும். கரைவலை இழுப்பவரோ கும்புறுபிட்டிப் பக்கம் உப்பளத்தில் நிற்பவரோ உடம்பு முழுக்க இப்படிப் பூசி மாளாது. அதனால்தான் துணிக்கு முதலிடம் கொடுத்தோம். ரியூப்பை முகம், காது, பிடரி, புறங்கை, புறங்கால் என்று துணி மூடாத இடங்களுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. எஸ்.பி.எப் 30 போதும். 30 என்பது தோலைச் சுடும் கதிரில் 97 சதவீதத்தை மறிக்கும், 50 மறிப்பது 98. ஆனால் குறைவாகப் பூசும் பழக்கம் இருப்பதால் 50 வாங்குவதில் பிழையில்லை. அந்த இலக்கம் பெரும்பாலும் தோலைச் சுடும் யூ.வி.பீ என்ற புறஊதாக் கதிரைப் பற்றியதுதான். புறஊதாவின் மற்ற வகையான யூ.வி.ஏ கதிருக்கு பி.ஏ என்ற எழுத்தும் குறைந்தது மூன்று கூட்டல் அடையாளமும் இருக்க வேண்டும், அல்லது யூ.வி.ஏ என்ற எழுத்து ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ரியூப்பை விட்டுவிடுங்கள். கடலுக்கு என்றால் தண்ணீரைத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். 40 அல்லது 80 நிமிடம் என்று போட்டிருந்தால் அந்த நேரத்துக்குப் பிறகு அதை நம்ப வேண்டாம்.

எங்கள் நிறத்துக்கு இந்தக் கிறீம்களில் ஒரு குறை உண்டு. துத்தநாக ஒக்சைட் கலந்த கிறீம் சாம்பல் பூசியதுபோல் தெரியும், அதனாலேயே பலர் கொஞ்சமாகத் தடவுகிறார்கள். இரும்பு ஒக்சைட் சேர்த்த, மண்ணிறம் கலந்த வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். முகத்தில் கரும்படை உள்ளவர்களுக்கு அது கூடுதல் நன்மை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு மறிக்கும். ஒரேயடியாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு தரம் பூசினால் திரளாது. பவுடர் போட்ட முகத்தில் பூசினால் கட்டாயம் திரளும். வெயிலில் இறங்க 15 நிமிடத்துக்கு முன் காய்ந்த தோலில் பூசுங்கள். நெற்றி வியர்வையோடு வழிந்து கண் எரிவதுதான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. புருவத்துக்கு மேலே மட்டும் மெழுகுக் குச்சி வகையைப் பூசினால் அது குறையும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில் அல்ல, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழேயும் படகிலும்தான். 30 பாகைக்கு மேல் வைக்காதீர்கள் என்று பல ரியூப்களில் எழுதியிருக்கும். நண்பகலில் சீற்றுப் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கூடும். திறந்ததும் எண்ணெய் வேறாகவும் மா வேறாகவும் வந்தால் எறிந்துவிடுங்கள், குலுக்கிப் பூசுவதில் பயனில்லை. கடற்கரைக் கடையில் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய ரியூப்பைவிடப் பாமசி இறாக்கையில் இருப்பது நல்லது.

ஸ்பிறேயை ஏன் வேண்டாம் என்கிறோம்? கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அதில் பெரும்பகுதி காற்றோடு போகும், மிச்சத்தில் கொஞ்சம் மூச்சுக்குள் போகும். அதில் உள்ள மதுசாரம் தீப்பற்றும், பெற்றோல் இயந்திரப் படகில் அடிக்கவே கூடாது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சொல். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, அதன் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே பவளம். கதிரை மறிக்கச் சன்ஸ்கிறீனில் சேர்க்கும் ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற் இரண்டும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021இலிருந்து அவை உள்ள சன்ஸ்கிறீன்களைக் கடைகளில் விற்கத் தடுத்தது. நீளக்கைச் சட்டையோடு இறங்கினால் பூச வேண்டிய இடமே பாதியாகக் குறையும்.

அந்தச் சட்டைக்கு வருவோம். பழைய வெள்ளைப் பருத்தி ரீசேட் மெல்லிய பாதுகாப்புத்தான், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி மேல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: விரல் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் போகும். நீச்சலுக்கான இழுபடும் சட்டையை இறுக்கமாக வாங்காதீர்கள், இழுபட்டால் துணியின் இழை இடைவெளி விரியும். தொப்பியின் விளிம்பு சுற்றிவர நான்கு விரற்கடை, அதாவது 7.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். கிரிக்கெற் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். நெருக்கமாகப் பின்னிய பனையோலைத் தொப்பி மலிவும் நல்லதும், ஆனால் நாடி நாடா தைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே கடலுக்குள். கடற்கரைக் குடையை மட்டும் நம்பி இருப்பதும் போதாது, வானத்திலிருந்தும் மணலிலிருந்தும் கதிர் பக்கவாட்டாக வரும்.

தேங்காயெண்ணெய் தோலை மிருதுவாக்கும், வெயிலைத் தாங்காது. "வெண்மை" கிறீம்கள் எஸ்.பி.எப் போட்டிருந்தாலும் எங்கள் மதிப்பீட்டில் கடைசி. உற்பத்தியாளர் பெயரும் உள்ளடக்கப் பட்டியலும் இல்லாதவற்றில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஸ்ரீரொயிட் கலந்தவை தோலை மெலிதாக்கும்.

கறுத்தத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வருமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பெரிய காவல், வெயிலால் வரும் வகைகள் வெள்ளையர்களைவிட எங்களுக்கு மிகக் குறைவு. அவுஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 1992இல் தொடங்கிய ஆய்வில், தினமும் சன்ஸ்கிறீன் பூசியவர்களுக்கு செதிற்கலப் புற்று என்ற தோல் புற்று வகை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அது வெள்ளைத் தோலில் கிடைத்த முடிவு, அதே அளவு நன்மையை எங்களுக்கும் எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் ரியூப் ஒரு மருந்துதான். வெண்படை உள்ளவர்களுக்கு அந்த இடம் வெந்துபோகாமல் காக்கும். கடலில் வாழ்நாள் கழிப்பவர்கள் கீழுதட்டுக்கு எஸ்.பி.எப் 30 பூசுவது நல்லது.

எங்கள் தோலில் பயப்பட வேண்டிய மெலனோமா, அதாவது நிறமிக் கலங்களில் தொடங்கும் புற்று, பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. எந்த ரியூப்பும் அதைத் தடுக்காது, பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் வழி. மாதம் ஒருமுறை காலைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடியும் ரோச் வெளிச்சமும் எடுத்து, குதி, விரலிடுக்கு, நகங்களைப் பாருங்கள். புதிதாக வந்த, ஓரம் ஒழுங்கில்லாத, பல நிறம் கலந்த, 6 மில்லிமீற்றரைத் தாண்டிய அல்லது மாறிக்கொண்டே போகும் கறுப்பைக் காட்ட வேண்டும். பல நகங்களில் மெல்லிய மண்ணிறக் கோடு எங்களில் சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலும் கோடு, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவுவது, இவை சாதாரணம் அல்ல. அடிபட்டு உறைந்த இரத்தமென்றால் நகம் வளர வளர முன்னே நகரும், கால் நகம் மாதம் ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். மூன்று மாதத்தில் அடிப்பக்கம் வெளுத்து வராவிட்டால் அது இரத்தமென்று இருக்காதீர்கள். பழைய நெருப்புக் காயத் தழும்பில் திறந்த புண், நான்கு வாரத்தில் ஆறாத புண், பூக்கோவாபோல் தடித்து இரத்தம் கசியும் ஓரம், இவற்றையும் காட்ட வேண்டும். தழும்பில் புற்று 30 வருடம் கழித்தும் வரும்.

மச்சத்தைக் கரைக்கும் மருந்தென்று விற்பவற்றையும், சுண்ணாம்பும் சவர்க்காரமும் வைத்து எரிப்பதையும் தொடவே வேண்டாம். மேற்பகுதி கருகி அழியும், அடியில் இருப்பது வளரும், பரிசோதிக்கத் தசையும் மிஞ்சாது. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், தேவையென்றால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள், காசு இல்லை. போவதற்கு முன் அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், சந்தேகமுள்ள விரலுக்கு மருதோன்றி வைக்காதீர்கள்.